இடுப்பு அளந்தவன் சொல்றேன்

வா நைனா, வா. குந்து. அந்த ஸ்டூலு ரவ ஆடும், ஆனா தாங்கும். போன வருசம்னா அடிச்சுச் சொல்லியிருப்பேன். இப்ப உன்னப் பாத்தா எனக்கே ரவ சந்தேகம்.

இன்னா கையில? பேண்ட்டா? பிரிச்சு வுடணுமா? பொங்கலுக்கு நான் தெச்சதுதானே இது. இடுப்பு 32 வெச்சேன், நோட்டுல எழுதிக் கீது. அதுக்குள்ள இன்னா ஆச்சு? சரி, நில்லு. அளந்துடலாம். மூச்ச இழுத்துப் புடிக்காத. டேப்பப் பாத்தா அல்லாருக்கும் வயிறு முதுகோட போய் ஒட்டிக்குது. அம்பது வருசத்துக்கு மேல இந்தக் கூத்தப் பாத்துக்கினு கீறேன். டேப்ப ரெண்டு நிமிசம் ஏமாத்தலாம். பேண்ட்ட ஏமாத்த முடியுமா? கல்யாணப் பந்தியில ரெண்டாவது தபா ரசம் கேட்டுக் குனிவ பாரு, அப்ப பட்டன் தெறிச்சு எதிர் வரிசைக்காரன் பாயசத்துல வுழும்.

ஆங். வுட்டியா மூச்ச? பேண்ட் கட்டுற எடத்துல 34. இரு, ஓடாத. இப்ப மேல அளக்கிறேன். விலா எலும்பு முடியிற எடம், இடுப்பெலும்பு ஆரம்பிக்கிற எடம், ரெண்டுக்கும் நடுவுல. 37.

இன்னா மொறைக்கிற? டேப்பு என்னுதுதான், வயிறு உன்னுது. இந்த லோ வெய்ஸ்ட்டு பேண்ட்ட எவன் கண்டுபுடிச்சானோ, அவனுக்குத் தொப்பைக்காரங்க அல்லாம் சேந்து ஒரு செல வைக்கணும். தொப்பைக்குக் கீழ பேண்ட்டக் கட்டிக்கினு, "நான் காலேஜ்ல போட்ட அதே சைஸ்தான் தாத்தா"ன்னு பேசுறானுங்க. கூரை மேல பூசணிக்கா காய்ச்சித் தொங்குது. வாசப்படி அகலம் மட்டும் மாறலியாம்.

"வெயிட்டு மூணு கிலோதான் ஏறிச்சு, ஆப்புல நார்மல்னு காட்டுது"ங்கிற. அதானே நானும் கேக்குறேன். உன் தொடை பொங்கலப்போ 21, இன்னிக்கும் 21. கை அதே கை. கழுத்துகூட மாறல. மூணு கிலோவும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே எடத்துக்குப் போயிருக்குதே, அதுக்கு அட்ரஸ் யாரு குடுத்தது?

அத்த யோசிச்சியா? ஆப்புகிட்ட கேட்டியா?

நான் அம்பத்தூர் ஓ.டி.க்கு வந்தது 1966-ல. வேப்பம்பட்டுப் பக்கம் எங்க ஊரு. அப்பாவுக்கு ஒண்ணரை காணி நெல்லு நெலம், அஞ்சு புள்ளைங்க. மூணாவது புள்ளையான நான் காஜா எடுக்க வந்துட்டேன். அம்பத்தூர் எஸ்டேட் தொறந்து ரெண்டு வருசம் ஆயிருந்தது. ஆவடி ஃபேக்டரியில மொத விஜயந்தா டாங்கி வெளிய வந்தது 1965. சைக்கிள் கம்பெனி அதுக்கும் முன்னாலயே இருந்தது. அல்லாருக்கும் காக்கி யூனிபாரம் வேணுமே. விடியக்காலத்துலயே அளவு குடுக்க வந்து நிப்பாங்க. இடுப்பு 28, 29. 30 வந்தா "இன்னா மேஸ்திரி, வீட்ல கறிச் சோறா?"ன்னு எங்க மொதலாளி கலாய்ப்பாரு.

அந்த ஆளுங்களோட புள்ளைங்களுக்குத் தெச்சேன். இப்ப பேரனுங்களுக்குத் தெக்கிறேன். எஸ்டேட்டுல லேத்து ஓடின எடத்துல இப்ப கண்ணாடி பில்டிங், உள்ள நீங்க அல்லாம் பொட்டி தட்டுறீங்க. நல்லாருங்க, நல்லாத்தான் சம்பாதிக்கிறீங்க. ஆனா ஒரு டெய்லரு கண்ணுக்குத் தெரியிறது இன்னா? ரெண்டு காலும் அகத்திக் கம்பு. நடுவுல பலாப்பழம். கம்புக்குத் தக்கன துணி வெட்டினா பழம் நொழையாது. பழத்துக்கு வெட்டினா கால் ரெண்டும் கோணிப்பைக்குள்ள வுட்ட வெளக்குமாறு மாதிரி ஆடும்.

இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும் இல்ல. என் பேத்தி நியூட்ரிஷன் படிக்குது. படிச்சத எனக்கு வந்து ஒப்பிக்கும், நான் அத்த டெய்லரிங் பாஷையில புரிஞ்சுக்குவேன். அது சொன்ன கதை ஒண்ணு கேளு. புனேல டாக்டர் யாஜ்னிக்னு ஒருத்தரு, லண்டன்ல டாக்டர் யுட்கின்னு ஒருத்தரு. ரெண்டு பேரும் கூட்டாளிங்க. பக்கத்துப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து, 2004-ல லான்செட் பத்திரிகையில போட்டாங்க. உயரத்துக்கு எடை சரியாங்கிற கணக்கு கீது பாரு, பி.எம்.ஐ.ன்னு நீங்க சொல்வீங்களே, அது ரெண்டு பேருக்கும் அச்சுப் புள்ளி மாறாம 22.3. உன் ஆப்பு பாத்தா ரெண்டு பேருக்கும் பச்ச வெளக்கு போடும். ஆனா மெஷின்ல படுக்க வெச்சு உடம்புல கொழுப்பு எவ்ளோன்னு பாத்தா, வெள்ளைக்காரருக்கு 100-க்கு 9.1. நம்மாளுக்கு 21.2. ரெண்டு மடங்குக்கு மேல. மேல பாத்தா ஒரே கணக்கு. உள்ள லைனிங் மட்டும் வேற துணி.

நம்ம மெட்ராஸ்ல டாக்டர் மோகன் நடத்துற சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிலையமும் ஐ.சி.எம்.ஆரும் சேந்து ஊர் ஊரா எடுத்த கணக்கு ஒண்ணு 2023-ல வந்துச்சு. வயசு வந்தவங்க 100 பேர்ல குண்டுன்னு சொல்லத்தக்கவங்க 28.6. தொப்பை போட்டவங்க 39.5. அப்ப ஒடம்பு குண்டாவாம தொப்பை மட்டும் போட்டவன் கொறஞ்சது எத்தினி பேருன்னு நீயே கணக்குப் போடு. நீதான் கம்ப்யூட்டராச்சே.

இப்ப ஏன்னு கேளு. எங்க வீட்ல நெல்லு கொட்ட ஒரு குதிரு இருந்தது, மண்ணுல செஞ்சது, ஆளு ஒசரம். அறுப்பு முடிஞ்சா நெல்லு அதுல போவும். நல்லா வெளஞ்ச வருசம் அது ரொம்பிப் போனா? அம்மா மூட்டை கட்டித் திண்ணையில அடுக்கும். திண்ணையும் ரொம்பினா அடுப்பங்கரையில கொண்டாந்து வெக்கும். அப்ப அம்மாவுக்குத் திரும்ப எடம் கெடையாது. அடுப்பு ஊத முடியாது, அம்மிய இழுக்க முடியாது, மூட்டைக்குள்ள எலி வேற. சமையலே நின்னு போவும். நெல்லு நல்லதுதான் நைனா. இருக்கிற எடம்தான் தப்பு.

ஒடம்பும் அப்படித்தான். தோலுக்கு அடியில போற கொழுப்பு குதிருல போற நெல்லு. தொடையில, பின்பக்கத்துல, கையில. பாக்க ரவ பூசினாப்புல இருக்கும், அவ்ளோதான். வயித்துக்குள்ள கொடலச் சுத்தியும், கல்லீரலுக்குள்ளயும் போய்ப் படியிறதுதான் அடுப்பங்கரை மூட்டை. சர்க்கரை வியாதி, நெஞ்சு அடைப்பு அல்லாம் அங்கருந்துதான் கெளம்புது. 1947-லயே பிரான்சுல மார்சேய்ல வாக்னு ஒரு டாக்டரு இத்தச் சொல்லிட்டாரு. குண்டா கீறானான்னு பாக்காதீங்க, எங்க குண்டா கீறான்னு பாருங்கன்னு. அப்ப எவன் கேட்டான்?

நம்ம சாதி சனத்துக்கு, அதாவது இந்தியாக்காரங்களுக்கு, குதிரே சின்னதுங்கிறாங்க. வெள்ளைக்காரனுக்குப் பெரிய கொடோன். நமக்குக் கைக்குதிரு. ரெண்டு மூட்டை கூடப் போச்சுன்னா நேரா அடுப்பங்கரைதான். அதனாலதான் நமக்கு அளவக் கொறச்சு வெச்சிருக்காங்க. ஆம்பளைக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80. என் டேப்புல முப்பத்தஞ்சரையும் முப்பத்தொண்ணரையும். நீ 37-ல நிக்கிற. நின்னுக்கினு "நார்மல்"ங்கிற.

சரி, வெளஞ்ச நெல்லு எந்த எடத்துக்குப் போவுங்கிறத எது முடிவு பண்ணுது? பாட்டன் பூட்டன் குடுத்த ஒடம்பு பாதி முடிவு பண்ணிடும். ஆம்பளையா பொம்பளையாங்கிறது ஒண்ணு. பொம்பளைங்களுக்குத் தூரம் நிக்கிற வயசு வரைக்கும் சாமி ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்குது, தொடைக்கும் பின்பக்கத்துக்கும் அனுப்புற மாதிரி. அதுக்கு அப்பால அவங்களும் நம்ம லைன்ல வந்து நிக்கணும். வயசு, தூக்கம், நடை. இதுல அல்லாம் நம்ம கையில கீறது கொஞ்சந்தான். தட்டுல வுழுறது மட்டும் முழுக்க நம்ம கையில. ஆனா நாம அத்த வுட்டுட்டு மத்தது அல்லாத்தையும் பேசுவோம்.

பேத்தி சொன்ன இன்னொரு கதை. ஸ்வீடன் நாட்டுல உப்சாலான்னு ஊரு. 39 பேரக் கூப்ட்டாங்க. உன்ன மாதிரி எளவட்டம், ஒல்லி. "தெனம் மஃபின் துன்னுங்க"ன்னு ஏழு வாரம் குடுத்தாங்க. யாருக்கு அடிக்கும் இந்த யோகம்? வழக்கமாத் துன்றதுக்கு மேல அந்த மஃபின். பாதிப் பேருக்குப் பாமாயில்ல செஞ்சது, மீதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெயில செஞ்சது. மாவு, சக்கரை அல்லாம் ஒரே அளவு. ஏழு வாரம் முடிஞ்சு எடை போட்டா ரெண்டு கோஷ்டிக்கும் ஒரே ஏத்தம், 1.6 கிலோ. ஆப்பு வெச்சிருந்தவன் இதோட ஊட்டுக்குப் போயிருப்பான். இவங்க மெஷின்ல படுக்க வெச்சு உள்ள பாத்தாங்க. பாமாயில் கோஷ்டிக்குக் கல்லீரல்ல கொழுப்பு ஏறிப் போச்சு. வயித்துக்குள்ள ஏறினது மத்தவங்களப் போல ரெண்டு மடங்கு. சூரியகாந்தி கோஷ்டிக்கு ஏறின எடையில சதையும் நல்லாக் கலந்திருந்தது. 2014-ல எழுதி வெச்சிருக்காங்க.

புரியுதா? மூட்டை எண்ணிக்கை ஒண்ணுதான். எந்த ரூமுக்குப் போவுங்கிறத எண்ணெய் மாத்திப் போட்டிருக்குது.

உடனே ஓடிப்போய்ச் சூரியகாந்தி எண்ணெய டம்ளர்ல ஊத்திக் குடிக்காத. அவங்களும்தான் 1.6 கிலோ ஏறினாங்க. ரேஷன்ல 25 ரூபாக்குக் குடுக்குற பாமாயில வெச்சு நாலு புள்ளைங்களுக்குத் தாளிச்சுப் போடுறவள நான் கொற சொல்ல மாட்டேன். அவ ஒரு லிட்டர ஒரு மாசம் ஓட்டுறா. நான் சொல்றது உன்ன. எஸ்டேட் கேட்டுல சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி வண்டிக்கடை ஃபிரைட் ரைஸு, மேசை டிராயர்ல பிஸ்கெட்டு, சிப்ஸ் பாக்கெட்டு. பாக்கெட்டத் திருப்பிப் படிச்சுப் பாரு. எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், "பாமோலின்"னு போட்டிருக்கும். பாமாயில்லருந்து எடுத்ததுதான், பட்டப்பேரு மட்டும் வேற. பேரு மாத்தி வெச்சுக்கினு உள்ள நொழையிறவன் நல்லவனாவா இருப்பான்?

டால்டா கதை தெரியுமா? 1937-ல வந்தது. நெய்க்கு வழியில்லாதவனுக்கு நெய் மாதிரி. மஞ்ச டப்பா, பனைமரம் படம். காலியான டப்பாவுல தொளசி வெக்காத வீடு உண்டா? அந்த மாதிரிக் கெட்டிப்படுத்தின கொழுப்ப அமெரிக்காவுல கொரங்குங்களுக்கு ஆறு வருசம் குடுத்துப் பாத்தாங்க. இன்னொரு கூண்டுக் கொரங்குங்களுக்கு அதே அளவு வேற எண்ணெய். டால்டா கொரங்குக்குத் தொப்பைக் கொழுப்பு 100-க்கு 30 கூட. பாவம், அதுங்க லோ வெய்ஸ்ட்டு பேண்ட்டுகூடப் போட முடியாது. 2022 ஜனவரியிலருந்து அந்தக் கெட்டிக் கொழுப்புல கீற டிரான்ஸ் கொழுப்பு எண்ணெயில 100-க்கு 2-க்கு மேல இருக்கக்கூடாதுன்னு நம்ம சர்க்காரே சட்டம் போட்டுடுச்சு. கொரங்கு சொன்னது 2007-ல. நமக்குக் காதுல வுழ 15 வருசம்.

இனிப்புக்கு வரேன். கலிபோர்னியாவுல ரெண்டு கோஷ்டிக்கு 10 வாரம் இனிப்புத் தண்ணி குடுத்தாங்க. ஒருத்தனுக்குக் குளுக்கோஸ், ஒருத்தனுக்குப் பழச்சர்க்கரை. இங்கயும் எடை ஏறினது ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பழச்சர்க்கரை குடிச்சவனுக்கு உள்வயித்துல போய்ப் படிஞ்சிருக்குது. ஏன்? குளுக்கோஸ ஒடம்பு பூரா பங்காளிங்க மாதிரிப் பிரிச்சுக்கும். பழச்சர்க்கரைய வேற எவனும் பெருசாத் தொட மாட்டான், முக்காவாசி கல்லீரல் வாசல்லதான் வந்து நிக்கும். அது இன்னா பண்ணும் பாவம், மிஞ்சினத அங்கயே கொழுப்பாக்கி மூலையில தள்ளும். நம்ம டீக்கடை சர்க்கரையில பாதி குளுக்கோஸ், பாதி இந்தப் பய. கூல் டிரிங்க்ஸ்ல அதேதான். முழுக் கொய்யாவக் கடிச்சுத் துன்னுறவன இதுல சேக்காத. கொய்யாவுல நாரு கீது, ரெண்டு துன்னா தாடை வலிக்கும், தானா நிப்பாட்டிடுவ. எவனாவது கூல் டிரிங்க்ஸ் குடிச்சுத் தாடை வலிக்குதுன்னு சொல்லிக் கேட்டிருக்கியா?

இதுல உன் காமெடி இன்னான்னா, காலையில வெறும் வயித்துல வெந்நியில தேனு, எலுமிச்சம்பழம். தொப்பை கரையுமாம். யாரு சொன்னது? யூடியூப்பு. ஏன் நைனா, தேனுல இன்னா கீதுன்னு நெனச்ச? அதே பழச்சர்க்கரை, அதே குளுக்கோஸ். ரூமுக்குள்ள எலி பூந்துடுச்சுன்னு இன்னொரு எலியக் கொண்டாந்து வுடுற.

சாராய சமாச்சாரம் நான் விளக்க வேணாம். திருமுல்லைவாயல் தாண்டி ஒரு போர்டு பச்சையா எரியுமே, அங்க சனிக்கெழம உன்னப் பாத்தேன்னு சொல்லல. பாத்தவங்க சொன்னாங்கன்னுதான் சொல்றேன். கல்லீரலுக்கு அது இன்னா பண்ணுதுன்னு உனக்கும் தெரியும். கூடவே வர்ற சைடு டிஷ்ஷு எதுல பொரிச்சதுன்னு முன்னாலயே சொல்லியாச்சு.

அப்பால இந்தச் சிறுதானியக் கூத்து. 2023-ஐச் சிறுதானிய வருசம்னு ஐ.நா. சபை சொல்லிச்சாம். அன்னியிலருந்து எங்க பாத்தாலும் மில்லட்டு. எங்கம்மா கேழ்வரகுக் கூழ் காய்ச்சினா, "அய்யே கூழா"ன்னு மூஞ்ச திருப்பிக்கினு நெல்லுச் சோத்துக்கு அழுத கோஷ்டி நாங்க. இப்ப அதே கேழ்வரகு பிஸ்கெட்டா மாறி, டப்பாவுக்குள்ள பூந்து, பூந்தமல்லி ஹைரோட்ல ஏ.சி. கடையில குந்திக்கினு கீது. பேத்தி வாங்கியாந்தா. திருப்பிப் படிச்சேன். மொத பேரு மைதா, ரெண்டாவது சர்க்கரை, மூணாவது பாமோலின். கேழ்வரகு எங்கன்னு தேடினா கடைசி சீட்டுல ஜன்னலோரமாக் குந்தியிருக்குது, டிக்கெட் இல்லாம ஏறின மாதிரி.

ஆடி மாசம் திருவேற்காட்டுல, நம்ம தெருவுல, அம்மனுக்குக் கூழ் ஊத்துவாங்களே, வந்து சொம்பு புடிப்பியா நீ? மாட்ட. "ஹைஜீன்"ம்ப. அதே கூழ கண்ணாடி கிளாசுல ஊத்தி ஒரு புதினா எலைய மேல சொருகி 180 ரூபான்னு சொன்னா போட்டோ புடிச்சுட்டுக் குடிப்ப.

அதுக்காக "அந்தக் காலத்துல"ன்னு ஆரம்பிக்கிற கெழவனுங்களையும் நம்பாத. என்னையும் சேத்துத்தான் சொல்றேன். அந்தக் காலத்துல நாங்க சாமை, வரகுன்னு பாத்துப் பாத்துத் துன்னோம்னு கதை வுடுவானுங்க. பொய். கெடச்சதத் துன்னோம். கெடைக்காத அன்னிக்கு நீராகாரம் குடிச்சுட்டுப் படுத்தோம். கல்யாண வீட்ல சோறு மலை மாதிரி குமிச்சுத் துன்னோம். தொப்பை வராததுக்குக் காரணம் ஞானம் இல்ல நைனா, வறுமை. கூட ஒரு காரணம், வேலை. எங்கப்பா நாத்து நட்டுட்டு வந்து துன்ன சோறு வேற. நீ நாற்காலியில நட்டுக்கினு துன்ற சோறு வேற. ஒரே செங்குன்றம் மண்டி அரிசிதான். பட்டை தீட்டித் தீட்டி மல்லிப்பூ மாதிரி ஆக்கி வெச்சிருக்கான், வாயில போட்டா வயித்துக்குப் போறதுக்கு முன்னால சர்க்கரையா நிக்குது. அது போறதுக்கு ஒரு எடம் வேணும்ல? சதை வேலை செஞ்சா சதை வாங்கிக்கும். சதை சொம்மா கெடந்தா, கல்லீரல்தான் இளிச்சவாயன்.

நாடு முழுக்க எடுத்த அதே கணக்குல இன்னொண்ணு சொல்லியிருக்காங்க. நம்மாளுங்க சாப்பாட்டுல கெடைக்கிற சக்தியில 100-க்கு 62 பங்கு சோறு, ரொட்டி, சர்க்கரை மாதிரி மாவுச்சத்துதானாம். பருப்பும் முட்டையும் மீனும் ஓரமா நின்னுக்கினு கீது. ஓட்டல்ல நீ சாம்பார் சோறு, வத்தக்கொழம்பு சோறு, ரசம் சோறு, மோர் சோறுன்னு நாலு தபா வாங்குறியே. பேருதான் நாலு. சோறு ஒண்ணுதான்.

ஜப்பான்ல சுமோன்னு மல்யுத்தம் போடுவானுங்களே, யானைக் குட்டி மாதிரி. தெனம் அண்டா அண்டாவாத் துன்னுவான். அவன உள்ள படம் புடிச்சா, களத்துல எறங்குற காலம் வரைக்கும் கொழுப்பு முக்கால்வாசி தோலுக்கு அடியிலதான். தெனம் முட்டி மோதுறான்ல. ஆட்டத்த வுட்டு ஊட்ல குந்தினப்புறம்தான் அடுப்பங்கரைக்கு மூட்டை போவுது. நீ சுமோ ஆட்டம் ஆடாமலே ஓய்வு பெற்ற சுமோ மாதிரி ஆயிட்டியே, அதான் எனக்கு ஆச்சரியம்.

சிரிக்கிறேன்னு நெனைக்காத. எனக்கும் வந்துச்சு. 55 வயசு வரைக்கும் காலால மிதிச்ச மெஷினுதான். அப்பால பையன் பாசத்துல மோட்டாரு மாட்டிக் குடுத்தான். "அப்பா, கால் வலிக்கும், இனிமே சுகமாக் குந்து"ன்னான். குந்தினேன். கடையில எட்டு டீ. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்பூனு. யாராவது பேண்ட் வாங்க வந்தா ஒரு டீ, வராத துக்கத்துக்கு ஒரு டீ. ரெண்டு வருசத்துல அரணாக்கவுறு இறுக ஆரம்பிச்சது. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? கவுறு மட்டமான சரக்கு, தண்ணி பட்டுச் சுருங்கிடுச்சுன்னு. கடைக்காரன்கிட்ட போய்ச் சண்டை போட்டேன். அவன் வேற கவுறு குடுத்தான், ரவ நீளமா. அதுவும் சுருங்குச்சு. மூணாவது கவுறுக்கு அவன் சொன்னான், "மேஸ்திரி, நான் ஒண்ணும் செய்ய முடியாது, நீங்க டாக்டரப் பாருங்க."

டாக்டரு படம் புடிச்சுப் பாத்துட்டுக் கல்லீரல்ல கொழுப்புன்னாரு. "ஒரு சொட்டு குடிச்சதில்லீங்களே"ன்னு எனக்கு அழுகையே வந்துச்சு. "டீ குடிப்பீங்களா?"ன்னாரு. எட்டு ரெண்டு 16. ஒரு நாளைக்கு 16 ஸ்பூனு. ஊரான் இடுப்பெல்லாம் அளந்தேன், என் ஸ்பூனை அளக்கல.

மோட்டாரக் கழட்டிட்டேன். பையன் ஒரு வாரம் பேசல. டீ மூணு, சக்கரை இல்லாம. மொத மாசம் கசாயம் குடிக்கிற மாதிரி இருந்தது, அப்பால பழகிச்சு. காலையில அம்பத்தூர் ஏரிக்கரை வரைக்கும் நடை. சோத்தக் கொறச்சு, கொறச்ச எடத்துல கீரையும் பயறும். பாத்தா, ஒடம்புல மொதல்ல எறங்கினது வயிறுதான். உள்ள பூந்த கொழுப்பு சட்டுனு பூந்த மாதிரியே சட்டுனு கெளம்பவும் செய்யுமாம், தொடைக்காரன்தான் பட்டா போட்டுக்கினு குந்துவான். அதான் உனக்கு நல்ல சேதி. ஆனா டிவியில காட்டுற தொப்பை பெல்ட்டு, படுத்துக்கினு நூறு தபா எழுந்திருக்கிறது, அதுக்கெல்லாம் வயிறு தனியா கரையாது. மொத்தமா வேலை செஞ்சாத்தான் மொத்தமா எடுத்துக் குடுக்கும். ஒரு பக்கத்துத் தையல மட்டும் இழுத்தா சட்டை கோணிக்கும், தெரியாதா?

சரி, இங்க வா. செருப்பக் கழட்டிட்டுச் செவுத்துல சாஞ்சு நில்லு. தோ, இந்த நூல்கவுறு, உச்சந்தலையிலருந்து குதிகால் வரைக்கும். 67 இஞ்சு. அறுத்தாச்சு. இப்ப இத்தப் பாதியா மடிக்கிறேன். மடிச்ச கவுற வயித்தச் சுத்திப் புடி. உயரத்துல பாதிக்குள்ள வயிறு அடங்கணும், உலகத்து டாக்டருங்க இப்ப அதத்தான் சொல்றாங்க. எட்டுதா? எட்டலியா? எவ்ளோ எட்டல? மூணரை இஞ்சு. மூச்ச இழுக்காதன்னு சொன்னேன்ல! இப்ப சொல்லு.

கவுறு உனக்கே வெச்சுக்க. காசு வேணாம். உன் ஆப்புக்கு மாசம் எவ்ளோ கட்டுற? 299-ஆ? சரி சரி.

பேண்ட்டப் பத்திக் கேட்டியே. டெய்லர் சூட்சுமம் ஒண்ணு சொல்றேன். பின்பக்கத் தையலுக்கு உள்ள ரெண்டு இஞ்சு துணி மிச்சம் வுட்டுத்தான் தெப்போம், எல்லாப் பேண்ட்டுலயும். 1966-ல எங்க மொதலாளி அரை இஞ்சுதான் வுடச் சொல்வாரு. அப்பால ஒரு இஞ்சு ஆச்சு. இப்ப நான் ரெண்டு வுடறேன். இத்தப் பிரிச்சா 34 வந்துடும். இன்னிக்கு வேணும்னா 80 ரூபா. கார்த்திகைக்கு அப்பால வந்தா பிரிக்கவே வேணாம்னு சொல்வியோ என்னவோ. எது வேணும்?

யோசி, யோசி. அவசரம் இல்ல. தோ, டீப் பையன் வந்துட்டான். எனக்கு சக்கரை இல்லாம. உனக்கு? பாத்தியா, சொல்லவே மாட்டேங்கிறான், வெக்கப்படுறான். டேய், அவனுக்கும் சக்கரை இல்லாம குடு. அந்தப் பொட்டலத்துல இன்னா? வாழக்கா பஜ்ஜியா? இங்க வெய்யி. ஏய், நீ கைய எடு. அது எனக்கு. ஒண்ணுதான், தெனமும் இல்ல, வாரத்துக்கு ஒரு தபா.

இன்னா? என் இடுப்பு எவ்ளோவா? அந்த டேப்ப இப்படிக் குடு. அது தொழில் ரகசியம்.